சும்மா இருக்க ஒரு கடற்கரை

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆஸ்திரேலியா தேசத்து மெல்போர்ன் நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் நமது புதல்வன் டெலிபோனில் பேசினான். வழக்கமான க்ஷேம சமாசாரங்கள் முடிந்ததும், "அப்பா! தை மாதம் நீங்களும் அம்மாவும் இங்கே புறப்பட்டு வந்துவிடுங்கள். கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு வாரம் தங்கலாம்" என்றான்.

நமக்குத் தை மாதம் பனி கொட்டும் காலமாயினும், பூகோளத்தின் தென்பாதியில் அதுவே நல்ல கோடை. பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் விடுமுறை. மெல்போர்னுக்குத் தென்மேற்கே சமுத்திரத்தை ஒட்டி ஒரு நெடுஞ்சாலை போகிறது. முதல் உலக மகாயுத்தத்திலிருந்து திரும்பிய போர்வீரர்கள், திரும்பி வராத தங்கள் தோழர்களின் ஞாபகார்த்தமாக, 1919 முதல் 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு வெட்டிப் போட்ட சாலை அது. அந்தச் சாலையில் லோர்ன், அப்பல்லோ பே என்று சின்னஞ்சிறு ஊர்கள் இருக்கின்றன. வருஷா வருஷம் ஒரே ஊருக்கு, ஒரே வீட்டுக்குப் போகிற குடும்பங்கள் உண்டாம். குழந்தைகள் மணலில் விளையாடுவார்கள். பெரியவர்கள் புத்தகம் படிப்பார்கள்; தூங்குவார்கள்; விழித்துக் கொண்டு மறுபடியும் கடலைப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் அவன் தாயாரிடம் சொன்னபோது அவள், "ஒன்றும் செய்யாமல் இருப்பதற்காகவா கண்ணு அத்தனை தூரம் போகிறார்கள்?" என்று கேட்டாள்.

"ஆமாம் அம்மா, அதற்குத்தான்."

டெலிபோனை நம்மிடம் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். மத்தியானம் சாப்பாடு ஆனபிறகு, வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே, "ஏனுங்க, அந்த மாதிரி ஊர் நம்ம பக்கத்தில் ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றாள்.

நேயர்களுக்கு இது சாதாரணக் கேள்வியாகத் தோன்றலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பத்தெட்டு வருஷ இல்லற வாழ்க்கையில் நமது மனைவி ஓர் ஊருக்குப் போக வேண்டும் என்று தானாக வாய் திறந்து கேட்டது அதுவே முதல் தடவை. அதுவும் சென்ற ஆடி மாதத்தில் அவள் அடுப்படியில் மயங்கி விழுந்து, இருதயத்துக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு என்று கண்டு, அதை விரித்து உள்ளே சிறியதொரு வலைக்குழாய் பொருத்தி அனுப்பிய பிறகு கேட்டது. அனுப்பும்போது வைத்தியர் மாத்திரைகளை எழுதிக் கொடுத்துவிட்டு, "ஓய்வும் வேண்டும்" என்றார். மாத்திரைகளை அன்றே வாங்கிவிட்டோம். ஓய்வை எந்தக் கடையில் வாங்குவது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்த ஐந்தாவது நாள் அவள் இட்டிலிக்கு மாவு கரைத்துக் கொண்டிருந்தாள். ஆஸ்திரேலியாப் பிரயாணத்தைப் பற்றிக் கேட்டபோது, அத்தனை நீண்ட ஆகாய விமானப் பிரயாணம் இப்போது வேண்டாம் என்றும் வைத்தியர் சொல்லிவிட்டார். ஆகவே அந்த மாதிரி ஊரை நம்ம பக்கத்திலேயே தேடும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது.

நம்ம பக்கம் என்பது நாமக்கல். இங்கிருந்து முட்டை கப்பலேறி அரபு தேசங்களுக்குப் போகிறது. லாரிகள் காஷ்மீரத்துக்குப் போகின்றன. பக்கத்துத் திருச்செங்கோட்டு ஆழ்குழாய்க் கிணறு வண்டிகள் வட இந்தியாவில் போய்த் துளை போடுகின்றன. சேலத்து ஜவ்வரிசி மராட்டிய தேசத்து உபவாசத்துக்குக் கிச்சடியாகிறது. ஆனால் மனிதர்கள் ஓய்வுக்காகக் கடற்கரைக்குப் போவது என்பது இந்தச் சமவெளியில் வழக்கமில்லை. கிழக்கே கொல்லிமலை, வடக்கே ஏற்காடு. ஆடிப் பதினெட்டுக்கு மலை ஏறினால் அந்த வருஷத்து உல்லாசப் பிரயாணம் முடிந்தது. சேலத்திலிருந்து மிக அருகிலுள்ள கடலான கடலூர்க் கடலே சாலை வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர். அதற்குப் போய் வருவதென்றால் ஒரு கல்யாணமோ காரியமோ வேண்டும்.

யோசித்துப் பார்த்தால், நமது ஜில்லாக்காரர்கள் கடலுக்குப் போன பிரயாணங்களில் தேசப் பிரசித்தி பெற்றது ஒன்றே ஒன்றுதான். சேலத்தில் வக்கீலாயிருந்தவரும், திருச்செங்கோட்டை அடுத்து 1925-ல் காந்தி ஆசிரமம் கண்டவருமான ராஜாஜி, 1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களுடன் நடந்தே புறப்பட்டு, ஏப்ரல் 28-ந் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார். இரண்டு நாள் கழித்து உப்பு எடுத்தார், கைதானார். அந்தத் தொண்டர்கள் பாடிக்கொண்டு போன பாட்டை எழுதியவர், மோகனூரில் 1888-ல் பிறந்த நமது நாமக்கல் கவிஞர். சித்திரை வெயிலில் பதினாறு நாள் நடை, முடிவில் சிறைவாசம். அதை ஓய்வுப் பிரயாணக் கணக்கில் சேர்க்க முடியாது.

நமது மனைவியும் கடலைப் பார்த்ததில்லை என்பதில்லை. இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். முதல் தடவை 1998-ல், நமது தகப்பனாரின் அஸ்தியை இராமேசுவரத்தில் கரைக்கப் போனபோது. இருபத்தேழு பேர் போனோம். அக்கினி தீர்த்தத்தில் முழுகி, அப்புறம் கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் முழுகி எழுந்தோம். சத்திரத்தில் ஸ்டவ் அடுப்பு வைத்து இருபத்தேழு பேருக்கும் சமைத்தவள் அவள்தான். "அங்கே நான் கடலை எங்கே பார்த்தேன்? ஈரத் துணியைத்தான் பார்த்தேன்" என்பாள். இரண்டாவது தடவை, மகனுடைய விசா காரியமாகச் சென்னை போனபோது மெரினாவில் கால்மணி நேரம். அப்போது கையில் மூன்று பைகள்.

கடற்கரை ஊர்களின் ஜாபிதா ஒன்று தயாரித்தோம். மாமல்லபுரம், புதுச்சேரி இரண்டும் அழகுதான். ஆனால் வாரக் கடைசியில் சென்னையும் பெங்களூரும் அங்கே குடி வந்துவிடும். கன்னியாகுமரி தூரம். வேளாங்கண்ணி, இராமேசுவரம் இரண்டுக்கும் போனால் அது யாத்திரையே தவிர ஓய்வல்ல. எல்லாவற்றையும் அடித்த பிறகு காகிதத்தில் மிஞ்சியது தரங்கம்பாடி.

இந்தப் பெயர் வந்ததும் நமக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. நாம் முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரமும் பூகோளமும் போதித்தவர்கள். "தமிழ்நாட்டில் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர் எது?" என்ற ஒரு மார்க்குக் கேள்வியை எத்தனை ஆயிரம் விடைத்தாள்களில் திருத்தியிருப்போம்! அந்த ஊரை ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. அதுபோலவே கரும்பலகையில் காவேரியைத் தலைக்காவேரியிலிருந்து பூம்புகார் வரையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவோம். வேலூரிலும் மோகனூரிலும் அதில் நீராடியிருக்கிறோம். அது கடலில் சேருமிடத்தைப் பார்த்ததில்லை. பூம்புகாரோ தரங்கம்பாடிக்கு வடக்கே சிறிது நேரப் பிரயாணம்தான்.

தரங்கம்பாடி பெரிய ஊரல்ல. 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டென்மார்க் தேசத்தாருக்கு அங்கே வியாபாரம் செய்யவும் கோட்டை கட்டவும் உரிமை கொடுத்தார். அந்த அரசனுக்கு அவர் பொன்னேட்டில் தமிழில் எழுதுவித்த கடிதம் டென்மார்க்கில் இன்னும் பத்திரமாயிருக்கிறது. இடையில் சில வருஷங்கள் நீங்கலாக இருநூறு வருஷங்களுக்கு மேல் அவர்கள் அங்கே இருந்தார்கள். 1845-ல் வங்காளத்துச் சீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனியாரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். பெரிய துறைமுகமாக வளராமல் போனது நமது அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மாயவரத்திலிருந்து 1926-ல் ஒரு ரயில் பாதை போட்டார்கள். அதையும் 1986-ல் மூடிவிட்டார்கள். ரயில் போகாத ஊரில்தானே அமைதி மிஞ்சியிருக்கும்?

கடலைப் பார்த்த டேனிஷ்கோட்டை. அதன் உள்ளே ஒரு பொருட்காட்சிசாலை. 1792-ல் கட்டிய நகர வாயில். அதிலிருந்து கடலுக்கு நேரே போகும் ராஜ வீதி. இரண்டு பக்கமும் பழைய மாதாகோயில்களும் தூண் வைத்த வீடுகளும். 1706-ல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் அச்சுக்கூடம் வைத்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துக்கள் மிகப் பெரியவையாயிருந்து காகிதத்தைத் தின்றுவிடவே, இங்கேயே சிறிய எழுத்துக்களை வார்த்தார்களாம். காகிதத் தட்டுப்பாடு அச்சுத் தொழிலோடு கூடப் பிறந்ததென்று தெரிகிறது.

கடலோரமாகவே மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் எழுந்தது. கோயிலின் பெரும்பகுதியைக் கடல் அரித்துக் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைச் சீர்திருத்தி வைத்திருக்கிறார்கள். அலைகள் பாடுகிற இடம் ஆதலால் தரங்கம்பாடி என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். கல்வெட்டிலோ ஊர் 'சடங்கன்பாடி' என்று இருக்கிறது. இதை மனைவியிடம் சொன்னபோது, "அலை பாடுதுன்னே இருக்கட்டுமுங்க. அதை ஏன் கெடுக்கறீங்க?" என்றாள். இருக்கட்டும்.

இந்த ஊரின் காற்றில் பிராணவாயுவைக் காட்டிலும் உயர்ந்த 'ஓஸோன்' அதிகமாயிருக்கிறதென்றும், ஆகையால் சுவாசித்தால் ஆரோக்கியம் என்றும் சில சுற்றுலா விளம்பரங்கள் கூறுகின்றன. பழைய உபாத்தியாயர் என்ற முறையில் இதை நேயர்கள் நம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். ஓஸோன் ஆகாயத்தின் உயரத்தில் இருந்தால் நமக்கு உபகாரம். மூக்கருகில் வந்தால் நுரையீரலுக்கு உபத்திரவம். கடற்கரையில் மூக்கில் ஏறுகிற அந்த மணம் பெரும்பாலும் கடற்பாசிகளிலிருந்து பிறக்கும் கந்தகச் சேர்க்கை. காற்று சுகமாயிருப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. பகலில் நிலம் சீக்கிரம் சூடேறுகிறது, கடல் ஏறுவதில்லை. நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று ஓடி வருகிறது. பாறையும் செம்மண்ணும் காய்கிற நமது சமவெளிக்கு அந்தக் காற்று வந்து சேருவதற்குள் களைத்துப் போய்விடுகிறது.

இடம் தீர்ந்தது. காலம் தீருவதுதான் சிரமமாயிருந்தது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியின் முற்பகுதி ஆகியவை வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை. அந்தக் கரையோரத்தில் அப்போது புயல் விருந்தாளியாக வரும். 2018 நவம்பர் 16-ந் தேதி 'கஜா' புயல் வேதாரண்யத்தருகே கரையேறித் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததை யாரும் மறந்திருக்க முடியாது. சித்திரை, வைகாசியில் வெயில். ஆகவே தை, மாசிதான் உகந்தது என்று நாம் மாசியைக் குறித்து வைத்தோம்.

இந்த இடத்தில் நமது பூகோளம் குறுக்கே வந்தது. மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு ஜூன் 12-ந் தேதி திறந்து ஜனவரி 28-ந் தேதி மூடுவது மரபு. மூடிய பிறகு கீழே ஆற்றில் தண்ணீர் படிப்படியாக வற்றிப் போகும். மாசியில் பூம்புகார் போனால் காவேரி கடலில் சேருவதைப் பார்க்க முடியாது. காவேரி இல்லாததைத்தான் பார்க்கலாம். முப்பத்து நான்கு வருஷம் வரைந்த கோட்டின் கடைசிப் புள்ளியில் போய் நின்று மணலைப் பார்ப்பதற்கு நமது மனம் ஒப்பவில்லை. சரி, தையிலேயே போவோமென்றால் பொங்கல். காணும் பொங்கலன்று அந்தக் கடற்கரைகளில் கால் வைக்க இடமிராது. தை அமாவாசைக்குச் சங்கமத்தில் முழுக ஜனங்கள் திரள்வார்கள். ஜனவரி 26 அரசாங்க விடுமுறை.

பஞ்சாங்கத்தையும் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருவரும் ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆராய்ந்தோம். பொங்கல் கூட்டமும் தை அமாவாசைக் கூட்டமும் கலைந்த பிறகு, குடியரசு தினக் கூட்டம் கூடுவதற்கு முன்பு, மழை ஓய்ந்து, அணை இன்னும் மூடாமல் இருக்கும் நாட்கள் என்று பார்த்ததில் ஜனவரி 20 முதல் 24 வரை ஐந்து நாட்கள் அகப்பட்டன. கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்த்தபோதுகூட நமது பெரியோர்கள் இவ்வளவு சிரமப்பட்டிருக்க மாட்டார்கள்.

வழி எளிதாயிற்று. 2013-ல் சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. இப்போது சேலத்திலிருந்து மயிலாடுதுறைக்கு ஒரே வண்டி இருக்கிறது. பிற்பகலில் ஏறினால் இரவில் இறங்கலாம். மறுநாள் காலையில் பஸ். அந்த ரயில் மோகனூரைத் தாண்டியதும் காவேரியைக் கடக்கிறது; கரூருக்கு அப்பால் திருச்சி வரையில் ஆற்றின் தென்கரையோடு கூடவே போகிறது; பிறகு தஞ்சாவூர், கும்பகோணம். ஆகக் கூடி, நமது ஊர் ஆறு கடலுக்குப் போகிற வழியிலேயே நாமும் போகலாம்.

இதைக் காட்டுவதற்காக ஒரு முழுக் காகிதத்தில் படம் வரைந்தோம். பழைய கை மறக்கவில்லை. மேட்டூரில் 120 அடி உயரத்துக்குத் தேங்குகிற தண்ணீர், பவானியையும் நொய்யலையும் அமராவதியையும் சேர்த்துக்கொண்டு, முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்துவிடுகிறது. கல்லணையில் வெண்ணாறு என்றும் கல்லணைக் கால்வாய் என்றும் பிரிகிறது. அப்புறம் அரசலாறு, வீரசோழன் என்று கிளைகிளையாகப் போகிறது. நாம் ஒவ்வொரு கிளையாக வரைந்துகொண்டே போகப் போக, காவேரி என்று எழுதிய நடுக்கோடு மெலிந்துகொண்டே வந்தது. நம்ம மோகனூரில் ஆடி வெள்ளத்தில் எதிர்க்கரைத் தென்னை மரங்கள் விரற்கடை அளவாகத் தெரியும் அந்த மகாநதி, மேலையூரில் கடைசி மதகைத் தாண்டிப் பூம்புகாருக்குப் போகும்போது ஒரு வாய்க்காலைப் போலத்தான் இருக்கும் என்று சொன்னோம்.

மனைவி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைச் சிறிது நேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, எல்லாத்துக்கும் பிரிச்சுக் கொடுத்துட்டுத்தான் கடலுக்குப் போகுதுங்களா?"

"ஆமாம்."

"அதுக்குள்ள ஒண்ணும் மிஞ்சலை, இல்லீங்களா?"

நாம் பதில் சொல்லவில்லை. கிளையாறு ஒன்றை வரைய விட்டுவிட்டோமோ என்று பார்ப்பது போலப் படத்தைப் பார்த்துக் கொண்டிருந்தோம்.

இரகசியம் மூன்று நாள்தான் தாங்கிற்று. நான்காம் நாள் இராசிபுரத்திலிருந்து நமது தங்கை பேசினாள். "அண்ணா! அந்தப் பக்கம் போகிறீர்களாமே? திருக்கடையூர் எட்டிப்பிடிக்கும் தூரந்தானே?" என்றாள். நமக்கு அறுபது நிறைந்தது 2020-ம் வருஷம். கொரோனா வியாதியினால் கோயில்கள் மூடிக் கிடந்ததில் மணிவிழா நடவாமல் போயிற்று. விட்டுப்போனதை அபிராமி சந்நிதியில் இப்போது நடத்திவிடலாமென்பது அவள் அபிப்பிராயம். எதிர்வீட்டு நண்பர், திருநள்ளாற்றில் சனீசுவரனைப் பார்த்துவிட்டு அப்படியே திருவெண்காட்டில் புதனையும் கீழப்பெரும்பள்ளத்தில் கேதுவையும் பார்த்தால் மூன்று கிரகங்கள் முடிந்துவிடும் என்றார். மிச்சம் ஆறு கிரகங்களையும் ஏன் விடுவது என்று அவரே கேட்டு அவரே வழியும் சொன்னார். வைத்தீஸ்வரன் கோயிலை உடம்பு சரியில்லாதவர் தவிர்க்கக்கூடாது என்றார் மற்றொருவர். ஒருவர் சொன்னதிலும் தவறில்லை. அதுதான் கஷ்டம்.

எல்லோருக்கும் மேலாக, திருச்செங்கோட்டிலிருந்து மைத்துனர் நேரிலேயே வந்துவிட்டார். தங்கமான மனிதர். அக்காள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஐந்து இரவுகள் வராந்தாவில் படுத்திருந்தவர். "மாமா! ரயில் எல்லாம் எதற்கு? வேன் ஏற்பாடு செய்கிறேன். பெரியம்மா வீட்டில் நாலு பேர், நாங்கள் ஆறு பேர், தங்கச்சி வீட்டில் ஐந்து பேர். காஸ் அடுப்பு, குண்டா எல்லாம் ஏற்றிவிடலாம். வெளிச் சாப்பாடு அக்காவுக்கு ஒத்துக்கொள்ளாது. அக்கா கை சாம்பார் இருந்தால் போதாதா?" என்றார்.

அடுக்களைக் கதவோரம் நின்ற மனைவியைப் பார்த்தோம். அவள் முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. இருபத்தேழு பேருக்கு எத்தனை படி அரிசி என்று கணக்குப் போடுகிற பாவனைதான் இருந்தது. அதுவே நமக்குச் சுருக்கென்றது.

அப்போது நாம் செய்த காரியத்தை நமது ஆயுளில் அதற்கு முன் செய்ததில்லை. "இந்தத் தடவை நாங்கள் இரண்டு பேர் மட்டும் போகிறோம்" என்றோம்.

மைத்துனர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு தாழ்ந்த குரலில், "மாமா, உண்மையைச் சொல்லுங்கள். பெரிய ஆஸ்பத்திரி எதற்காவது போகிறீர்களா?" என்று கேட்டார். இல்லை என்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. இரண்டு மனிதர்கள் வியாதியும் விசேஷமும் இல்லாமல் சும்மா இருப்பதற்காக மயிலாடுதுறை ஜில்லாவுக்குப் போகிறார்கள் என்றால் யார் நம்புவார்கள்? நம்பியபோதோ அவருக்கு மனவருத்தம் உண்டாகிவிட்டது. காபியை அரை டம்ளரோடு வைத்துவிட்டுப் போனார். அவ்வளவு நல்ல மனிதரைப் புண்படுத்திவிட்டோமே என்று அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் நமக்குத் தெரியாமல் மனைவி அவரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறாள். மாசி மாதம் குடும்பத்தோடு வந்தால் எல்லோருக்கும் கறி விருந்து போடுவதாக வாக்களித்திருக்கிறாள். ஐந்து நாள் ஓய்வுக்கு அட்வான்ஸாக ஒரு நாள் உழைப்பு!

தங்குமிடம் ஏற்பாடு செய்யும்போது நாம் மூன்றே கேள்விகள் கேட்டோம். படி ஏற வேண்டுமா? காலையில் அறைக்கே காபி கொண்டுவந்து தருவார்களா? மிளகாய் குறைத்துச் சமைப்பார்களா? மூன்றுக்கும் திருப்திகரமான பதில் வந்தது. மாத்திரைகளின் ஜாபிதாவையும், அவசரமானால் போக வேண்டிய ஆஸ்பத்திரி மயிலாடுதுறையில் எது, காரைக்காலில் எது என்பதையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டோம். கடலில் இறங்கிக் குளிப்பதில்லை என்றும் தீர்மானம். அந்தக் கரையில் அலை வாங்கும்போது அடியில் இழுக்கிற நீரோட்டம், நீந்தத் தெரிந்தவர்களையே கொண்டுபோகக்கூடியது. நமக்கோ கிணற்று நீச்சல்தான் தெரியும்.

இதைச் சொன்னபோதுதான் மனைவி ஒரு சங்கதி கேட்டாள். "சுனாமி வந்தது அந்தக் கடல்தானுங்களே?"

ஆம், அந்தக் கடல்தான். 2004 டிசம்பர் 26-ந் தேதி காலையில் எழுந்த அலை, அப்போது தரங்கம்பாடியையும் உள்ளடக்கியிருந்த நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. தரங்கம்பாடி மீனவர் குப்பத்திலும் துக்கம் நுழைந்தது. அந்த நாட்களில் நாமக்கல்லிலிருந்து அரிசியும் துணியும் லாரிகளில் போயின. நமது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் உண்டியல் குலுக்கினார்கள். பயமாயிருந்தால் வேறு ஊர் பார்க்கலாம் என்றோம். அவள் யோசித்துவிட்டு, "அந்தச் சனங்கள் அதே கரையில்தானே குடியிருக்கறாங்க? நமக்கு அஞ்சு நாள்" என்றாள். மேற்கொண்டு அதைப் பற்றிப் பேசவில்லை.

கடைசியில் தினசரி நிகழ்ச்சிநிரல் ஒன்று தயாரித்தோம். நாற்பது நிமிஷத்துக்கு ஒரு மணி அடித்துப் பழகிய புத்தி வேறெப்படிப் போகும்? முதல் நாள் காலை கோட்டை, மாலை பொருட்காட்சிசாலை. இரண்டாம் நாள் மாதாகோயில்கள், பாண்டியன் கல்வெட்டு. மூன்றாம் நாள் பூம்புகார், சங்கமம், 1973-ல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடம். நான்காம் நாள் திருக்கடையூர். அரைப் பக்கம் வந்தது. பெருமையுடன் அவளிடம் கொடுத்தோம்.

அவள் பேனாவை வாங்கினாள். பூம்புகாருக்கு நேரே, "நீங்க போய்ப் பாருங்க. நானும் வாரேன், ஆனால் அரை நாள்தான்" என்று விட்டுவைத்தாள். அபிராமியை, "அங்கே போய்ப் பார்க்கலாம். முடிஞ்சால் தரிசனம், விசேஷம் வேண்டாம்" என்றாள். மற்றதையெல்லாம் அடித்துவிட்டாள். அடித்த இடங்களில் எதையும் எழுதவில்லை.

"மிச்ச நேரம் என்ன செய்வாய்?" என்று கேட்டோம்.

"அதைத்தான் பார்க்கணும்" என்றாள்.

நாளை பிற்பகல் ரயில். சற்று முன்பு பெட்டியை மூடுவதற்காகத் திறந்து பார்த்தோம். சேலைகளுக்கும் போர்வைக்கும் அடியில் ஒரு துணிப் பை இருந்தது. அதில் பருப்புப் பொடி, நெல்லிக்காய் ஊறுகாய், அரைக்கிலோ ஜவ்வரிசி, ஒரு சின்ன எவர்சில்வர் பாத்திரம், கரண்டி. அவள் தூங்கிக் கொண்டிருந்தாள். ஊறுகாயையும் பொடியையும் அப்படியே விட்டோம். ஜவ்வரிசியையும் பாத்திரத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் அடுக்களைக்குப் போனோம். கரண்டியை எந்த ஆணியில் மாட்டுவது என்பது நமக்குத் தெரியவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக அதைக் கவனித்ததில்லை. அதனால் அலமாரியில் சரித்திரப் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். திரும்பி வந்தபிறகு எடுத்துக் கொடுத்துவிடுவோம்.